பேஸ்மேக்கர் பொருத்திய ஒன்பதாம் நாள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

தங்கைக்கு வணக்கம். உங்கள் அப்பாவுக்கு 67 வயது. போன மாதம்வரை செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகு, இருதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்காமல் தடைபடுகிறது என்று கண்டறிந்து, இடது காறை எலும்புக்குக் கீழே, துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒன்பதாவது நாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அசைக்கவே மாட்டேன் என்கிறார், தோள் வலிக்கிறது என்கிறார், காயத்தைச் சுற்றி நீலம் பாய்ந்திருக்கிறது, அம்மா எண்ணெய் தேய்த்துவிடலாமா என்கிறார், கைப்பேசியை அவர் பக்கத்தில் யாரும் கொண்டுபோவதில்லை, தைப்பூசத்துக்கு நான்கு வாரம் இருக்கிறது, பால்குட வேண்டுதல் இருக்கிறது. இவ்வளவையும் எழுதிவிட்டு, "எதற்குப் பயப்படணும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

பதில் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் மருத்துவர் இல்லை, தாதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் 27 ஆண்டுகள் வேலை செய்தேன். அதில் கடைசி 14 ஆண்டுகள் இருதயப் பிரிவிலும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் சோதனைக்கு வரும் கிளினிக்கிலும் கழிந்தன. ஓய்வு பெற்ற பின் பிறந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களின் மகள் என்பதால், தோட்டத்து ஆட்கள் எதை எப்படித் தூக்குவார்கள், எப்படிக் குளிப்பார்கள், வலியை எப்படி வெளியில் காட்டாமல் வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவை. ஆனால் உங்கள் அப்பாவின் காயத்தை நான் பார்க்கவில்லை. அவருக்கு எத்தனை வயர், எந்த ரத்தக்குழாய் வழியாகப் போட்டார்கள், பேஸ்மேக்கர் உதவாவிட்டால் அவருடைய இருதயம் தானாக எவ்வளவு துடிக்கும் என்பவை அறுவை செய்த மருத்துவருக்குத்தான் தெரியும். அவர் கொடுத்த தாளில் உள்ளதும் நான் எழுதுவதும் எங்காவது மாறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை அப்பாவுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு வந்தவர்களில் பலருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள், சொன்ன பிறகு முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சைப் பிளக்கவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் இடையில் ஒரு சிறு பைபோல இடம் பிரித்து, பேட்டரியும் மின்சுற்றும் அடங்கிய டைட்டானியம் பெட்டியை அதில் வைத்திருக்கிறார்கள். அதன் எடை 20 முதல் 30 கிராம்தான். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய வயர் ரத்தக்குழாய்க்குள் இறங்கி இருதயத்தின் உட்சுவரைத் தொடுகிறது. மனித உடலுக்குள் இது முதன்முதலாக வைக்கப்பட்டது 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனில். ஆர்னே லார்சன் என்ற அந்த நோயாளிக்கு வைத்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனாலும் அவர் அதன் பிறகு 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி, 43 ஆண்டுகள் வாழ்ந்து, 2001-இல் தம் 86-ஆவது வயதில் இறந்தார். இப்போதைய கருவிகளின் பேட்டரி பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் தாங்கும்; தீரும்போது பெரும்பாலும் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், பழைய வயரே தொடரும்.

அந்த வயரின் நுனியில் சிறு கொக்கியோ திருகோ இருக்கும். முதல் நாளில் அந்தப் பிடிமானம் மட்டுமே வயரை நிறுத்தி வைக்கிறது. பிறகு நுனியைச் சுற்றி உடம்பே தழும்புத் திசுவை வளர்த்து அதை மூடிப் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். கையைப் பற்றிச் சொல்லப்படும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான். வயர் நகர்ந்துபோவது நூறு பேரில் ஓரிருவருக்கு நடப்பது, நடந்தால் பெரும்பாலும் முதல் சில நாள்களிலும் வாரங்களிலுமே நடப்பது. ஆகவே இடது முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது, கையைப் பின்பக்கம் முறுக்கி நீட்டுவது, எட்டி இழுப்பது, சுமார் 5 கிலோவுக்கு மேல் தூக்குவது ஆகியவற்றை 4 முதல் 6 வாரங்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறோம். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தடை எத்தனை வாரம் வேண்டும் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கணக்கு வேறுபடுகிறது. கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு வயர் நகர்வது குறைந்தது என்று காட்டும் வலுவான ஆய்வுச் சான்றும் இல்லை. முன்னெச்சரிக்கைக்காகச் சொல்கிறோம், அது நியாயமானது, அவ்வளவுதான்.

ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியதும் இதுதான். ஒருமுறை கோலகங்சார் பக்கமிருந்து ஒரு பெரியவர் பத்தாவது வாரச் சோதனைக்கு வந்தார். கருவி நன்றாக இருந்தது, காயம் வெள்ளைக் கோடாக ஆறியிருந்தது. ஆனால் கைலி முடிச்சை வலது கையால் மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். இடது கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னபோது அது மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. தோளும் சேர்ந்து காதுவரை ஏறியது. வீட்டார் அன்பின் மிகுதியால் இரண்டு மாதம் அந்தக் கையைத் துணியால் கட்டி, சோறுகூட ஊட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தத் தோள் இளக எட்டு மாத உடற்பயிற்சி சிகிச்சை தேவைப்பட்டது. கருவி வைத்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. உங்கள் அப்பா இன்னும் ஒன்பதாவது நாளில்தான் இருக்கிறார் என்பது நல்ல செய்தி. இன்றைக்கே தொடங்கலாம். இடது விரல்களை மடக்கி விரிக்கட்டும். முழங்கையை மடக்கி நீட்டட்டும். எழுந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டமாகச் சுற்றட்டும். தோளை மேலே ஏற்றி இறக்கட்டும். தட்டில் சோறு இருக்கும்போது தட்டை இடது கையால் பிடித்துக்கொள்ளலாம், சட்டைப் பித்தானை இரண்டு கையாலும் போடலாம், தேநீர்க் கோப்பையை எடுக்கலாம். தோள் உயரத்துக்குக் கீழே உள்ள அன்றாட வேலைகள் எல்லாம் அந்தக் கைக்கு மருந்து. லேசாக இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் பரவாயில்லை. சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும். மருத்துவமனையில் கைத்தாங்கல் துணி கொடுத்திருந்தால், அது பொதுவாக முதல் இரவுக்கு மட்டுமே. ஒன்பதாவது நாளிலும் மாட்டியிருந்தால், வேறு காரணத்துக்காகத் தொடரச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எடுத்துவிடுங்கள்.

உடுத்துவதிலும் குளிப்பதிலும்தான் பலர் தங்களை அறியாமல் கையை மேலே தூக்கிவிடுகிறார்கள். தலைவழியாகப் போடும் பனியனையும் டீ சட்டையையும் ஆறு வாரத்துக்கு மடித்து வைத்துவிட்டு, முன்பக்கம் பித்தான் வைத்த தொளதொளத்த சட்டையைக் கொடுங்கள். முதலில் இடது கையை நுழைத்துவிட்டுப் பிறகு வலது கை. தொட்டியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றிக் குளிக்கும் பழக்கம் இருந்தால், இடது கை தானாகவே தலை தேய்க்க மேலே போகும். ஒரு முக்காலியில் உட்கார வைத்து, தலையை வேறு யாராவது தேய்த்துவிடுவது இப்போதைக்கு நல்லது. காயத்தில் தண்ணீர் படலாமா என்பது அவருக்கு எப்படித் தையல் போட்டு எப்படி மூடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவாக முதல் 7 முதல் 10 நாள் ஈரம் படாமல் வைத்து, காயம் முழுவதும் ஒட்டியதைத் தாதி பார்த்த பிறகே நனைக்கச் சொல்வார்கள்.

இனி அந்த நீலம். கன்றிப்போன நீலம் நாள் ஆக ஆகப் பச்சையாகி, மஞ்சளாகி, மார்பிலும் அக்குளிலும் சற்றுக் கீழே இறங்குவது பெரும்பாலும் இயல்பானது. அறுவையின்போது கசிந்த ரத்தத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது வீக்கத்தை. பெட்டியின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு அந்த இடம் பந்துபோல் உப்பி, தோல் இழுத்துப் பளபளவென்று இறுகி, நாளுக்கு நாள் பெருத்தால், பைக்குள் ரத்தம் தேங்குகிறது என்று பொருள். அப்போது அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள். பக்கத்தில் இருக்கிறது என்று எந்தக் கிளினிக்கிலும் ஊசி குத்தி அதை உறிஞ்சி எடுக்க விடாதீர்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு தாயாருக்கு அப்படித்தான் ஆயிற்று. உதவி செய்யும் எண்ணத்தில்தான் அந்தக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ஊசி நுழைந்த வழியே கிருமியும் நுழைந்தது. ஐந்து வாரத்தில் சீழ் வைத்தது. பைக்குள் கிருமி குடியேறிவிட்டால் மாத்திரையால் மட்டும் குணமாவது அரிது. பெட்டி, வயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாரக்கணக்கில் ஊசி மருந்து கொடுத்து, மறுபக்கம் புதிதாகப் பொருத்த வேண்டும். அந்தத் தாயார் பிழைத்துக்கொண்டார், ஆனால் வார்டில் அவர் படுத்திருந்த நாள்களை நான் மறக்கவில்லை.

அதனால் அம்மாவின் கேள்விக்கு என் பதில் அழுத்தமானது: எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயும் சரி, தைலமும் சரி, மஞ்சள் பற்றும் சரி, திருநீறும் சரி, தையல் மேலும் பெட்டிக்கு மேலும் எதுவும் வேண்டாம். அம்மாவிடம் இதைத் தடையாகச் சொல்லாமல், வேறு வேலை கொடுங்கள்: கழுத்து, வலது தோள், முதுகு, கால் எங்கு வேண்டுமானாலும் அவர் தேய்த்துவிடலாம். அசையாமல் இருந்ததால் அப்பாவின் முதுகும் கழுத்தும் கட்டாயம் வலிக்கும், அந்தத் தேய்ப்பு அவருக்கு இதமாகவே இருக்கும். திருநீற்றை நெற்றியில் பூசட்டும். பெட்டி இருக்கும் இடத்தைத் தடவிப் பார்ப்பது, அழுத்துவது, திருப்பிப் பார்ப்பது வேண்டாம் என்று அப்பாவிடமும் சொல்லிவையுங்கள். சிலருக்கு அது பழக்கமாகி, பெட்டி உள்ளேயே புரண்டு வயரை இழுத்துவிட்டதும் உண்டு.

காயத்தில் கிருமி சேர்வது நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நடப்பது. எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் நடந்தால் விலை அதிகம் என்பதால், நான் பயப்படச் சொல்லும் முதல் விஷயம் இதுவே. தினமும் ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், கையைக் கழுவிவிட்டுத் தொடாமல் பாருங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றையதோடு ஒப்பிட்டால் மாற்றம் உடனே தெரியும். சிவப்பு பரவுவது, சூடு, கசிவு, தையல் வாய் திறப்பது, ஆறி வந்த இடத்தில் வலி மறுபடி கூடுவது ஆகிய எதைக் கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்று காய்ச்சல். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்கி என்ற நினைப்புதான் முதலில் வரும், அது நியாயமும்கூட. ஆனால் பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், வாசலிலேயே "பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்" என்று சொல்லுங்கள்; கிருமியைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகே கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்குவது முக்கியம். இது இந்த மாதத்துக்கு மட்டும் அல்ல. ஒரு வருடம் கழித்தும் அந்த இடத்துத் தோல் மெலிந்து, கருநீலமாகி, பெட்டியின் ஓரம் தெரிவதுபோல் ஆனால் அதுவும் கிருமியின் அடையாளமாக இருக்கலாம்.

மயக்கம், தலைசுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் 999-ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம். அறுவைக்கு முன் இருந்த அதே கிறுகிறுப்பு திரும்பினால் வயர் நகர்ந்திருக்கலாம். நிற்காத விக்கலும், வயிற்றின் மேல்பகுதி தாளம் போடுவதுபோல் துள்ளுவதும்கூட வயரின் நுனி இடம் மாறியதன் அறிகுறியாகலாம். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும் என்பதால் பெரியவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவார்கள், நீங்களே கேளுங்கள். இடது கை முழுவதும் வீங்கிக் கனத்தால் அந்தப் பக்க ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உணவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: அம்மா ஹருவான் (விரால்) மீன் சூப் வைக்க நினைக்கிறார், அப்பா தைப்பூச விரதம் என்று மறுக்கிறார். காயம் ஆறப் புரதம் வேண்டும் என்பது உறுதி. விரால் மீனுக்கு மட்டும் தனிச்சிறப்பான ஆற்றல் உண்டு என்பதற்கு அதே அளவு உறுதியான சான்று கிடையாது. நல்ல மீன்தான், சாப்பிட்டால் நல்லது. விரதத்தை முறித்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. பருப்பு, பயறு, தயிர், தெம்பே (புளிக்கவைத்த சோயா) ஆகியவற்றிலும் புரதம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவராக இருந்தால் மட்டும் எவ்வளவு புரதம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், காயம் ஆறுவதற்கு எந்த மீனையும்விட சர்க்கரை அளவு கட்டுக்குள் இருப்பதே பெரிய உதவி. ரத்தக்கொதிப்பு மாத்திரை முதலிய பழைய மருந்துகளை, பேஸ்மேக்கர் வந்துவிட்டது என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. இந்தக் கருவி துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும். ரத்தக்குழாய் அடைப்பையோ கொதிப்பையோ அது குணப்படுத்தாது.

கைப்பேசிப் பயத்தை நீங்கள் பெரும்பாலும் விட்டுவிடலாம். அப்பா வலது காதில் வைத்துப் பேசட்டும். சட்டையின் இடது பையில் மட்டும் வைக்க வேண்டாம். கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் போதும். ஐபோன் 12 முதல் வந்தவை போன்ற காந்தம் உள்ள கைப்பேசிகளுக்கும் இதே தூரம்தான். கம்பியில்லாமல் மின்னேற்றும்போது மட்டும் 30 சென்டிமீட்டர். காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அது நிற்பதில்லை. இருதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிப்பை அனுப்பும், காந்தம் விலகியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். தொலைக்காட்சி, மின்விசிறி, மிக்சி, மைக்ரோவேவ் அடுப்பு எதுவும் பிரச்சினை இல்லை. காந்தத்தால் சூடாகும் இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மட்டும் 60 சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் பெட்டியும் வயரும் இரண்டுமே அதற்கு ஏற்றவையா என்று அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். அந்தப் பேஸ்மேக்கர் அட்டை அவருடைய அடையாள அட்டையான மைகார்டோடு எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டைவிடத் தோட்டத்தில்தான் கவனம் தேவை: காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் போட்ட மின்வேலியைத் தொடக் கூடாது, வெல்டிங் வேலைக்குப் போவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கருவியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முதுகில் மாட்டும் வகை இயந்திரமே அவருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதன் வார் சரியாகப் பெட்டியின் மேல்தான் அழுத்தும்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு சிறு ஏற்பாடு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், முன்னிருக்கையில் இடப்பக்கம் உட்காருபவரின் பாதுகாப்புவார் இடது தோளின் மேல்தான் இறங்கும், காயத்தை நேராக உரசும். அவரைப் பின்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார வையுங்கள். அங்கே வார் வலது தோளிலிருந்து வரும். வார் போடாமல் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அவரே எப்போது ஓட்டலாம் என்பதற்கு, பிரிட்டனில் சொந்தக் காருக்குக் குறைந்தது ஒரு வாரம், லாரிக்கும் பேருந்துக்கும் ஆறு வாரம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் மயங்கி விழுந்த மனிதர் என்பதால் உங்கள் மருத்துவர் வாய்திறந்து சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள். மோட்டார் சைக்கிளை ஆறு வாரம் தொட வேண்டாம். செம்மண் சாலையில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் இழுப்பு அந்தத் தோளுக்கு ஆகாது, விழுந்தால் நேராகக் கருவியின் மேல் விழ நேரும்.

வேலை பற்றிய கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. உதிரிப் பழம் பொறுக்குவது, மேற்பார்வை, கணக்கு எழுதுவது போன்றவற்றுக்கு ஆறு வாரச் சோதனைக்குப் பிறகு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். குலை வெட்டுவது அப்படியல்ல. நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேல் அண்ணாந்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்கும் அந்த அசைவை நாளுக்கு நூறு தரம் செய்பவர் அவர். வயர் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே போயிருந்தால், வருடக்கணக்கில் அந்த இழுப்பால் அது நசுங்கி முறியக்கூடும். வேறு ரத்தக்குழாய் வழியே போயிருந்தால் அந்த ஆபத்து குறைவு. எனவே "வேலைக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தோட்டத்தில் அவர் கம்பு பிடிக்கும் விதத்தை மருத்துவர் முன்னால் வலது கையால் நடித்துக் காட்டச் சொல்லி, "இந்த வேலையை இனி செய்யலாமா" என்று கேளுங்கள். நான் கிளினிக்கில் இருந்தபோது, தோட்டத்து வேலை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நகரத்து மருத்துவர்கள் களை பறிப்பதையே நினைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனிப்பட்ட கருத்தாகச் சொன்னால், 67 வயதில் அவர் அந்தக் கம்பைக் கீழே வைத்துவிடுவதை நான் விரும்புவேன். ஆனால் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த சோதனையைத் தவறவிடாதீர்கள். தொடக்க வாரங்களில் வயரின் நுனியைச் சுற்றி வீக்கம் இருப்பதால், தேவையைவிடக் கூடுதல் மின்அளவை வைத்தே வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது அடங்கிய பிறகு அளவைக் குறைப்பார்கள். அப்படிக் குறைத்தால்தான் பேட்டரி அதன் முழு ஆயுளும் உழைக்கும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று போகாமல் விட்டவர்களின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததைக் கண்டிருக்கிறேன். வீட்டில் நாடி பார்க்க விரும்பினால், அவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குறைந்தபட்ச வேகம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். பெரும்பாலும் 60 இருக்கும், சிலருக்குத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் குறைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்குக் கீழே நாடி தொடர்ந்து நின்றால் மருத்துவமனைக்கு அழைத்துப் பேசுங்கள். ரத்த அழுத்தக் கருவி காட்டும் நாடி எண்ணை மட்டும் நம்பிப் பதற வேண்டாம். இடையில் வரும் முன்துடிப்புகளை அது சில நேரம் எண்ணாமல் விட்டுவிடும்.

கடைசியாகப் பால்குடம். நானும் ஈப்போ கல்லுமலைக்கு நடந்தவள், அந்த வேண்டுதலின் கனத்தை அறிவேன், அதனால் இதை எளிதாகச் சொல்லவில்லை. தைப்பூசம் வரும்போது அறுவை முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். பால் நிறைந்த குடத்தைத் தலையில் ஏற்றி, இரண்டு கையையும் தூக்கி, வெயிலில், நோன்பிருந்த உடம்போடு, கூட்டத்தின் நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பது நாம் தவிர்க்கச் சொன்ன அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த ஆண்டு அவர் தலையில் குடம் ஏற வேண்டாம். குடத்தை நீங்களோ உங்கள் தம்பியோ சுமக்க, அவர் வலது கையை அதில் வைத்தபடி சற்றுத் தூரம் கூட நடக்கலாம்; சிறு செம்பில் பாலை வலது கையில் ஏந்திச் சன்னதியில் கொடுக்கலாம். நீண்ட நடை வேண்டாம், தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம், நெரிசல் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். அடுத்த ஆண்டு, மருத்துவர் சம்மதித்தால், குடத்தைத் தாராளமாக எடுக்கலாம். அலகு குத்துவதும் முதுகில் கொக்கி மாட்டுவதும் மட்டும் அடுத்த ஆண்டும் வேண்டாம், எந்த ஆண்டும் வேண்டாம். தோலைத் துளைக்கும் வழியே ரத்தத்தில் கலக்கும் கிருமி, இருதயத்துக்குள் கிடக்கும் வயரில் போய் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அவர் கேட்க மறுத்தால், கோயில் குருக்களிடமே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் என் பேச்சைக் கேட்காதவர்கள் குருக்கள் சொன்னதும் கேட்டிருக்கிறார்கள்.

இன்று மாலை தேநீர் கொடுக்கும்போது கோப்பையை அவருடைய இடது கைப்பக்கம் வையுங்கள். அவர் தயங்குவார், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். காயத்தின் படத்தையும், காய்ச்சல் இருக்கிறதா, இனிப்பு நீர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதையும் குறித்து, தையல் பார்க்கப் போகும் நாளில் அங்குள்ள தாதியிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே வீக்கம் பெருத்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.